உங்களுக்குத் தெரியுமா? பழைய ஹெரால்டும் கொடைக்கானல் காற்றும்

சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், பிரிட்டனின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு நெருங்கிய சொந்தம். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. தனிச் சேஸின் மேல் பாடியை போல்ட் போட்டு முடுக்கிய வண்டி என்பதால், துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். வீட்டிலேயே எஞ்சின் வேலை பார்ப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

இப்படிப்பட்ட பழைய கார்புரேட்டர் வண்டியை மலைக்கு ஓட்டிப் போனால் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் டியூன் செய்த கார்புரேட்டர் மேலே போனதும் தேவைக்கு அதிகமாகப் பெட்ரோல் கலக்கும். சைலன்சர் கரும்புகை தள்ளும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். மலையிலேயே ஓடப்போகும் வண்டியின் கார்புரேட்டரில், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைச் சிறியதாகப் பொருத்துவதே சரி.