முத்துக் குறாமியின் மூச்சு

வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் நேயர்கள் பலர் முத்துக் குறாமியைக் கண்டிருப்பீர்கள். தவிட்டு நிற உடலெங்கும் முத்துக்களைத் தூவிவிட்டாற் போன்ற வெண்புள்ளிகள். வாயிலிருந்து வாலடிவரை கரிய கோடொன்று. வயிற்றின் கீழே நீண்ட இரு நூலிழைகள். அவ்விழைகள் உண்மையிற் செட்டைகளே. கலங்கிய நீரில் எதிர்ப்படுவதைத் தடவி அறிதற்கு அவை கைகளாக உதவுகின்றன. மலாயா, சுமாத்திரா, போர்ணியோ ஆகிய இடங்களின் சதுப்பு நீர்நிலைகளே இதன் தாயகம். ஒல்லாந்த மருத்துவரும் மீனியல் அறிஞருமான பீட்டர் பிளீக்கர் 1852 ஆம் ஆண்டில் இவ்வினத்தை விவரித்தார்.

நம்முடைய வயல்களிலும் குளங்களிலும் வாழும் பனையேறிக் கெண்டையைப்போலவே குறாமியும் காற்றை நேரே உட்கொள்ள வல்லது. செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு அதற்கு உண்டு. நீர்மட்டத்திற்கு வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினால், அம்மடிப்புகளில் ஓடும் குருதி அக்காற்றிலுள்ள ஒட்சிசனைப் பெற்றுக்கொள்கிறது.

இதனை அறிந்தவர்களே பெரும்பாலும் பிழை செய்கின்றனர். காற்றைச் சுவாசிக்கும் மீன் எந்த நீரிலும் பிழைக்குமென எண்ணிச் சிறு பாத்திரத்தில் இட்டுவிடுகின்றனர். ஒட்சிசன் குறைந்த நீரை அது தாங்கும் என்பது மெய்யே. ஆனால் கழிவினாலும் எஞ்சிய உணவினாலும் உண்டாகும் அமோனியா செவுள்களைப் புண்ணாக்குகிறது. அதற்கு அந்த உறுப்பு காப்பாகாது. இன்னுமொரு தீங்கு. பிற மீன்கள் நீர் கெட்டதும் மேலே வந்து வாய்பிளந்து நமக்கு எச்சரிக்கை தரும். குறாமியோ நலமாயிருக்கும்போதும் மேலே வருவது. யானும் அவ்வாறு ஏமாந்து ஒரு மீனை இழந்தேன். ஆதலின், வழக்கத்திலும் அடிக்கடி அது மேலே வருகின்றதா, நிறம் மங்கிச் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

முத்துக் குறாமி பன்னிரண்டு சதமமீற்றர் வரை வளரும். மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமுமுள்ள தொட்டி ஏறக்குறைய 100 லீற்றர் கொள்ளும். ஓர் ஆணுக்கும் இரண்டு மூன்று பெண்களுக்கும் அது போதும். புதுத் தொட்டியில் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெற ஒரு மாதத்திற்கு மேலுஞ் செல்லும்; அதுவரை பொறுத்திருத்தல் நன்று. வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றுக. குளோரின் கலந்த குழாய்நீரை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்தபின்பே ஊற்றுதல் வேண்டும். வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியசு வரை இருக்கலாம்.

இது சாதுவான மீன், சற்று அச்சமுடையதுங்கூட. மிதக்குஞ் செடிகளின் நிழல் இருந்தால் வெளியே உலாவும். புலிவரிப் பார்பு போன்ற குறும்பு மீன்கள் அதன் நூலிழைகளைக் கடித்துவிடும். வாங்கும்போது பெயரைக் கேட்டு மட்டும் அமைந்துவிடாதீர்கள்: குறாமி என்ற பெயரிலேயே, உணவுக்கு வளர்க்கப்பெறும் இரண்டடி மீனின் குஞ்சும் விற்பனைக்கு வரும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் மார்பு செந்நிறமடையும். அது நீர்மேல் நுரைக்கூடு கட்டி, நூற்றுக்கணக்கான முட்டைகளை அதிற் சேர்த்துக் காவல் நிற்கும். நீரோட்டம் கூட்டைக் கலைக்குமாதலின் காற்றுக்குழாயை மெதுவாக இயங்கவிடுக. குஞ்சுகளுக்குக் காற்றுறுப்பு பிறந்து சில வாரங்களின் பின்னரே உருவாகிறது. அந்நாட்களில் நீருக்கு மேலுள்ள காற்றும் நீரளவு வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். ஆகவே நீர்மட்டத்திற்கு மேலே இரண்டங்குல இடைவெளி விட்டுத் தொட்டியைக் கண்ணாடியால் மூடிவைத்து, குஞ்சுகளைப் பக்கத்திலிருந்தே பாருங்கள்.