ரெக்கார்டிங் உங்களுது, சாவி யாருது?

அமெரிக்காவில் டிஜிட்டல் கேபிள் டிவியை வீட்டுக் கம்ப்யூட்டர்ல ரெக்கார்டு பண்ண கதையைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

டிஜிட்டல் கேபிள் சேனல்கள் பெரும்பாலும் பூட்டுப் போட்டுத்தான் வரும். அதைத் திறக்கிற சாவிதான் கேபிள்கார்டு. கேபிள் கம்பெனிகிட்ட வாங்கி, ட்யூனர்ல சொருக வேண்டியிருந்தது. எச்டிஹோம்ரன் பிரைம் ட்யூனர்ல ஒரே கார்டை வெச்சு ஒரே நேரத்தில் 3 சேனல் பதிவு பண்ண முடிஞ்சது. செட்-டாப் பாக்ஸ் தேவைப்படலை.

ஆனா சிக்னலோடயே ஒரு உத்தரவும் வரும்: தாராளமா காப்பி எடு, ஒரு தடவை மட்டும் எடு, எடுக்கவே எடுக்காதே. 'ஒரு தடவை'ன்னு வந்தா, விண்டோஸ் மீடியா சென்டர் பதிவு பண்ற ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரோட கட்டப்பட்டிருக்கும். வேற கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணினா ஓடாது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தப்போ மீடியா சென்டரையே தூக்கிட்டாங்க. 2020-ல் கேபிள்கார்டு கொடுக்கணும்ங்கிற விதியும் போச்சு.

இத்தனைக்கும், டிவி நிகழ்ச்சியைப் பிறகு பார்க்க வீட்ல பதிவு பண்றது சட்டவிரோதம் இல்லைன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-லயே சொல்லியாச்சு. அப்போ இருந்தது வீடியோ கேசட். அதுல பூட்டு இல்லை.

இன்னைக்கு நாம ஓடிடி ஆப்ல டவுன்லோடு பண்ற படமும் இதே கதைதான். ஃபைல் நம்ம போன்ல இருக்கும். சாவி அவங்ககிட்ட இருக்கும். சந்தா முடிஞ்சா படமும் முடிஞ்சது.