ஒரு வரிக் கட்டளையும் ஒரு கேள்வியும்

சுபாங் ஜெயாவில் கல்லூரிகள் பல உள்ளன. அங்குப் பயிலும் மாணவர் ஒருவர், வீட்டில் செய்து முடித்த இடுபணியைக் கல்லூரிக் கணினிக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம். கோப்பு மிகப் பெரியதானால் மின்னஞ்சல் அதனை ஏற்காது. விரலியில் பதிந்து கொண்டு சென்றால் வழியில் தொலைந்துபோகவும் கூடும். இத்தகைய வேளையில் கணினித் துறையினர் வேறொரு வழியை நாடுவர். திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து, கோப்பை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு நேரடியாக அனுப்பிவிடுவர்.

இந்த முறைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இந்தியாவின் அலகாபாத்தில் பிறந்தவர் அபய் பூஷண். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் அணி மாணவர்களுள் இவரும் ஒருவர். பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பணியாற்றியபோது, வெவ்வேறு வகைக் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்கான விதிமுறையை வகுத்தார். எஃப்.டி.பி. எனப்படும் அவ்விதிமுறை 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியானது.

ஆனால், அதில் ஒரு குறை இருந்தது. பயனரின் கடவுச்சொல்லும் கோப்பின் உள்ளடக்கமும் மறைக்கப்படாமல் அப்படியே வலையமைப்பில் சென்றன. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியில் எவரும் படிக்க முடிவதைப் போன்றது இது. சில ஆராய்ச்சி நிலையங்களே இணைந்திருந்த காலத்தில் இது பெரிய ஆபத்தாகத் தோன்றவில்லை. 1995-ஆம் ஆண்டில், பின்லாந்தின் எல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. இதனைக் கண்ட டாட்டு இலோனென் எனும் ஆய்வாளர், அனைத்தையும் மறையாக்கம் செய்து அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதன் வழியே கோப்புகளை அனுப்ப உதவும் கட்டளையே எஸ்.சி.பி. ஆகும்.

இக்கட்டளை மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலில் கட்டளையின் பெயர், அடுத்து அனுப்ப வேண்டிய கோப்பின் பெயர், இறுதியில் சேருமிடம். சேருமிடத்தில் பயனர் பெயர், '@' குறி, மற்றக் கணினியின் முகவரி ஆகியவை வரிசையாக அமையும். பின்னர் முக்காற்புள்ளி இட்டு, கோப்புறையின் பெயரை எழுத வேண்டும். அந்தக் கணினியில் பயனருக்குக் கணக்கு இருக்க வேண்டும், எஸ்.எஸ்.எச். சேவையும் அங்கு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கணினி எழுதியதை மட்டுமே செய்யும். எழுத நினைத்ததை அதனால் ஊகிக்க இயலாது. முக்காற்புள்ளியை விட்டுவிட்டால், கோப்பு வெளியே செல்லாது. சேருமிடத்தின் பெயரையே தாங்கிய ஒரு நகல் சொந்தக் கணினியிலேயே உருவாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. கோப்பின் பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால், அதனை இரண்டு கோப்புகள் எனக் கணினி கருதும். ஆகவே, பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும். சேருமிடத்தில் அதே பெயரில் வேறொரு கோப்பு இருந்தால், அனுமதி கேட்காமலேயே அதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் அழிந்துபோக இதுவே போதும்.

இவ்வளவு அமைதியாகப் பணிசெய்யும் இக்கருவி, ஒரு கணினியுடன் முதன்முதலாக இணையும்போது மட்டும் ஒரு கேள்வியைக் கேட்கிறது. மற்றக் கணினியின் அடையாளமாக எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட தொடரைக் காட்டி, இதனை நம்பி இணைப்பைத் தொடரலாமா என்று வினவுகிறது. மனிதருக்குக் கைரேகை போன்றது இத்தொடர். கணினியை நிர்வகிப்பவரிடமிருந்து சரியான தொடரை முன்னரே பெற்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலரோ படித்துப் பாராமல் 'ஆம்' என்று தட்டிவிடுகின்றனர். இடையில் நுழைந்த ஒருவரின் கணினி கல்லூரிக் கணினியைப் போல நடித்தால், கடவுச்சொல்லும் கோப்பும் அவரிடமே போய்ச் சேரும். எவ்வளவு வலுவான மறையாக்கமும் அப்போது பயன் தராது.

ஏற்றுக்கொண்ட அடையாளத்தைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். பிறிதொரு நாள் அது மாறியிருந்தால் உடனே எச்சரிக்கும். கல்லூரி புதிய கணினியை நிறுவியிருக்கலாம். எவரேனும் ஏமாற்றவும் முயலலாம். எது உண்மை என்பதைக் கருவியால் கூற இயலாது. நிர்வாகியிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கோப்பை அனுப்புவது பாதுகாப்பானது.