தண்டர்பேர்டை விற்கலாமா?

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடை. எதிரே தம்பியின் கறுப்பு தண்டர்பேர்டு 350 நிற்கிறது. 2013ல், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வாங்கியது. அவன் கையில் ஷோரூமில் எழுதிக் கொடுத்த தாள்: சூப்பர் மீட்டியோர் 650, எல்லாம் சேர்த்து நாலரை லட்சத்துக்கு மேல். பழைய வண்டிக்கு 55,000 கழித்துக்கொள்கிறார்களாம். மெக்கானிக்கோ பழைய வண்டியை முழுசாகச் சரிசெய்ய 30,000 கேட்கிறார்.

"ஐம்பத்தஞ்சாயிரம் பெறுமான வண்டிக்கு முப்பதாயிரம் செலவு பண்ணலாமாண்ணே?"

பலரும் இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். 55,000 என்பது விற்கிறவனுக்கு உள்ள விலை. வைத்து ஓட்டப்போகிறவன் பார்க்க வேண்டியது, 30,000 போட்டால் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்பதை. ஐந்து வருஷம் ஓடினால் மாசத்துக்கு 500 ரூபாய். புது வண்டிக்கு மேற்கொண்டு போடும் நாலு லட்சத்தைக் கடனாக வாங்கினால், பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் முதல் வருஷ வட்டியே 40,000 பக்கம் வரும். பணத்தை மட்டும் பார்த்தால் பழைய வண்டி எப்போதும் ஜெயிக்கும். அதனால் பணத்தை முதலில் பேச வேண்டாம் என்றேன். "வண்டியில என்ன குறை? ஒவ்வொண்ணா சொல்லு."

சொன்னான். ஹேண்டில் நேராக வரும்போது எங்கேயோ மாட்டுகிற மாதிரி இருக்கிறது. கிளட்ச் வழுக்குகிறது. தொண்ணூறைத் தொட்டால் உள்ளங்கை மரத்துப்போகிறது. போன மாசம் மதுராந்தகம் பக்கம் மழையில் திடீரென்று பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் வழுக்கியது; பின்னால் அவன் மனைவி இருந்தாள்.

இவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தேய்ந்ததால் வந்த குறைகள் ஒரு பக்கம். அந்த வண்டிக்குப் பிறவியிலேயே இல்லாதவை இன்னொரு பக்கம். மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் வண்டியை அது கம்பெனியிலிருந்து வந்த நாளுக்குத்தான் திரும்பக் கொண்டுபோக முடியும். அன்றைக்கே இல்லாததை அவரால் கொடுக்க முடியாது. தேய்மானத்துக்குப் பயந்து வண்டியை விற்றவர்கள் நிறையப் பேர். பிறவிக் குறையைத் தீர்க்க எஞ்சினைப் பிரித்துப் பணத்தைக் கொட்டியவர்களும் உண்டு. இரண்டுமே வீண் செலவு.

ஹேண்டில் மாட்டுவது தேய்மானம். ஹேண்டில் திரும்பும் தண்டின் மேலும் கீழும் குண்டுகள் உருளும் கோன் செட் இருக்கிறது. நாம் பெரும்பாலும் நேராகத்தானே ஓட்டுகிறோம்? பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் குண்டுகள் அதே இடத்தில் இடித்து இடித்துச் சின்னக் குழி விழுந்துவிடும். பிறகு ஹேண்டில் நேரானதும் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பார்த்தால் கையே சொல்லிவிடும். கோன் செட்டை மாற்றினால் வண்டி வளைவில் புதுசு போல் தடங்கல் இல்லாமல் திரும்பும். கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான், மாற்றினால் தீர்ந்தது. கூடவே கார்புரேட்டரையும் பெட்ரோல் குழாய்களையும் பார்க்கச் சொன்னேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2013 வண்டியின் ரப்பர் பாகங்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை இல்லை. விலை கம்மியான சாமான்கள்தான், முன்கூட்டியே மாற்றிவிடலாம்.

கை மரத்துப்போவதில் தேய்மானமும் இருக்கிறது, பிறவியும் இருக்கிறது. அந்த எஞ்சினில் ஒரே பிஸ்டன், 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் போகிறது. நிமிஷத்துக்கு 4,000 சுற்று என்றால் நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனின் கனம் ஒவ்வொரு முறையும் திசை திரும்பும்போது வண்டியையும் சேர்த்து உதறும். குறைந்த வேகத்தில் நாம் ஆசையாகக் கேட்கும் அந்த 'டப் டப்'புக்கும், தொண்ணூறில் கையை மரக்க வைக்கும் அதிர்வுக்கும் வேர் ஒன்றுதான். எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் அதிர்வு கூடும், இறுக்கினால் கொஞ்சம் குறையும். மிச்சம் போகாது.

2020ல் தண்டர்பேர்டின் இடத்துக்கு வந்த மீட்டியோர் 350ல் இதற்காகவே எஞ்சினுக்குள் பேலன்சர் ஷாஃப்ட் வைத்தார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் இழுக்கும்போது எதிர்ப்பக்கம் இழுக்கும் கனம் அது. இரண்டு பிஸ்டன் உள்ள 650 இன்னும் அமைதி.

மழையில் வழுக்கியது? டயர் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஏ.பி.எஸ். அந்த வண்டியில் இல்லை. வெளியில் வாங்கிப் பூட்டிக்கொள்கிற சாமானும் இல்லை அது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளப்போகும் நொடியில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் வேலையை மனுஷனின் கையோ காலோ அத்தனை வேகமாகச் செய்ய முடியாது. அவன் சொன்ன குறைகளில் இந்த ஒன்றுக்காக மட்டும் நான் வண்டியை மாற்றச் சொல்வேன். ஊருக்குள் ஆபீஸ் போய் வருவதற்கென்றால் சொல்ல மாட்டேன். ஆனால் மாசத்துக்கு இரண்டு தடவை நாலுவழிச் சாலையில், பின்னால் மனைவியை உட்காரவைத்து, விழுப்புரம் வரை போகிறான்.

"அப்ப அறுநூத்தி அம்பது எடுத்துடவாண்ணே?"

பொறு என்று இன்னொரு டீ சொன்னேன். ஏ.பி.எஸ்.ஸும் அதிர்வு குறைவதும்தான் தேவை என்றால் இரண்டும் மீட்டியோர் 350லேயே இருக்கின்றன. "அது சின்ன வண்டியாச்சே" என்று முகம் சுருங்கினான். நியாயம்தான். டார்க் எனும் திருப்புவிசை தண்டர்பேர்டில் 28 நியூட்டன் மீட்டர், மீட்டியோர் 350ல் 27. இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது. 650ல் 52. லாரியை முந்தும்போது அந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு என்ன கொடுக்கிறோம் என்றும் பார்க்கணும். 2025 செப்டம்பர் 22ல் 350 சிசி வரை ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல், செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. 349 சிசி உள்ள மீட்டியோர் 350 அந்தக் கோட்டுக்கு ஒரு சிசி கீழே நிற்கிறது. 650ன் எடையோ 241 கிலோ. தண்டர்பேர்டின் மேல் கிட்டத்தட்ட ஒரு சிமெண்டு மூட்டையை ஏற்றின மாதிரி. டேங்கிலும் அவன் இருபது லிட்டருக்குப் பழகியவன், 650ல் 15.7 லிட்டர்தான்.

எதை எடுத்தாலும் இரண்டு காரியத்தை மறக்கக் கூடாது என்றேன். பழைய இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, அது உரிமையாளருடையது. கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஐம்பது சதவீதம் வரை கழிவு. இரண்டாவது, ஆர்.சி. நான் என் பழைய புல்லட்டை விற்றபோது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, நான் பார்த்தே இராத ஊரில் நடந்த விபத்துக்கு என் பேரில் நோட்டீஸ் வந்தது. வண்டி மூன்று கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அலைந்த அலைச்சலை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஷோரூம்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விடக் கூடாது.

அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது, கல்யாணத்துக்கு முன் அவளோடு ஏலகிரி போனது எல்லாம் இதில்தான். அந்தப் பாசத்தைக் கணக்கில் சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. வைத்துக்கொள்ள அது போதுமான காரணம். ஆனால் வைத்துக்கொள்வதென்றால் நெடுஞ்சாலைக்கு ரயிலோ பஸ்ஸோ, ஊருக்குள் தண்டர்பேர்டு. 2028ல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கவும் பசுமை வரி கட்டவும் போகணும். அப்போது மறுபடி யோசிக்கலாம்.

"முதல்ல கோன் செட்டும் கிளட்சும் மாத்து. ஒரு மாசம் ஓட்டு. அப்புறம் ரெண்டு மீட்டியோரையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடு. அவளையும் ஏத்திக்கிட்டு திண்டிவனம் போயிட்டு வா. எது முதுகு வலிக்காம இருந்துச்சுன்னு அவகிட்டதான் கேக்கணும்."

"சரிண்ணே."

"திரும்பி வந்ததும் உன் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சரிவுல, இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, அந்த 241 கிலோவைப் பின்பக்கமா தள்ளி நிறுத்திப் பாரு. வாட்ச்மேனைக் கூப்பிடாம."