கடற்பசுவைக் காக்க ஊராட்சிக்கு ஓர் இருக்கை

2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இந்த வகையில் இதுவே முதல். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று நீளும் இந்தக் கரை, நெல்லுக்குப் பெயர்போன தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரம். இதைத் தேசியப் பூங்காவாகவோ சரணாலயமாகவோ அறிவிக்காமல் பாதுகாப்பகமாக அறிவித்ததில்தான் விஷயம் இருக்கிறது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த வகை இது. உள்ளூர் மக்களைக் கலந்துகொண்ட பிறகே இப்படி அறிவிக்க முடியும். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் வனத்துறைக்கு மட்டுமல்ல, எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஓர் இடம் உண்டு. வேளாண் துறைக்கும் ஓர் இடம் உண்டு. இந்த இரண்டு இருக்கைகளும் பெயரளவில் நின்றுவிடாமல் வேலை செய்தால்தான் காப்பகம் பிழைக்கும் என்பது என் எண்ணம்.

காரணம் அந்த விலங்கின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஆவுளியா என்று கரையோரத்தில் சொல்லப்படும் கடற்பசு, பத்தடி நீளம் வரை வளரும் பாலூட்டி. ஆழம் குறைந்த, வெயில் அடிவரை இறங்கும் நீரில் வளரும் கடற்புல்தான் அதற்குத் தீனி. வளர்ந்த விலங்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும். ஓராண்டுக்கும் மேல் சினை சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த ஈற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகலாம். ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் வேண்டும். மீனைப் போல நீருக்குள்ளேயே மூச்சுவிட அதனால் முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். அகலக் கண்ணி போட்ட செவுள்வலையில் துடுப்பு சிக்கிக்கொண்டால், வலை போட்டவர் திரும்பி வருவதற்குள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வனத்துறைப் படகு ஒன்று கரையெல்லாம் சுற்றினாலும் அந்த நேரத்தில் அங்கே இருக்கப்போவதில்லை. அங்கே இருப்பவர் மீனவர் மட்டுமே.

ஒரு காலத்தில் கடற்பசுவின் இறைச்சிக்காக வேட்டை நடந்தது இதே கடலில்தான். இப்போது வலையில் மாட்டிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விட்டவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டிப் பரிசு கொடுத்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் பாராட்டு, அறுத்த வலைக்கு ஈடாகாது. வலை என்பது பலருக்குக் கடன் வாங்கிப் போட்ட முதல். அறுபட்டது எவ்வளவு என்று அன்றைக்கே பார்த்துச் சான்று தரவும், இழப்பீடு கைக்கு வரும்வரை பின்தொடரவும் மாவட்டத் தலைநகரில் உள்ள அலுவலகத்தைவிட ஊராட்சிக்கு வசதி அதிகம். யார் வலை, எந்தப் படகு என்பது ஊருக்குத் தெரியும்.

மீனவர்களின் ஆட்சேபம் நியாயமானது: இன்று காப்பகம் என்பார்கள், நாளை கடலுக்கே போகாதே என்பார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு, அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் பட்ட பாடு இந்தப் பக்கத்துக்கும் தெரியும். காப்பகம் அந்த வகையல்ல என்று வாயால் சொன்னால் அச்சம் தீராது. எந்த வலை, எந்த மாதம், எந்தப் பகுதி என்ற விதிகள் ஊர்க்கூட்டத்தில் பேசி, எழுத்தில் வர வேண்டும். அதோடு ஏற்கெனவே இருக்கும் விதியைக் காக்க வேண்டும். கடற்புல்லை வேரோடு பிடுங்குவது நாட்டுப்படகல்ல, அடியை அரித்துச் செல்லும் இழுவை மடி. 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டப்படியே கரையோரக் கடலில் விசைப்படகுக்கு இடமில்லை. அந்த விதியை மீறுவோரை விட்டுவிட்டு நாட்டுப்படகுக்காரரிடம் மட்டும் கட்டுப்பாடு பேசினால், எந்தக் குழுவையும் ஊர் நம்பாது. கடற்புல் வெளி இறாலுக்கும் நண்டுக்கும் குஞ்சு வளரும் இடம் என்பதால், அதைக் காப்பதில் முதல் ஆதாயம் நாட்டுப்படகுக்காரருக்குத்தான்.

ஊராட்சியின் எல்லை கரையோடு முடிகிறதே, கடலில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடற்புல்லைக் கெடுப்பதில் ஒரு பங்கு கரையிலிருந்தும் போகிறது. கிழிந்த நைலான் வலை, பிளாஸ்டிக், சாக்கடை ஆகியவை ஊராட்சி, நகராட்சியின் அன்றாடப் பொறுப்புகள். வேளாண் துறையின் இருக்கைக்குப் பொருள் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயால் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்கள் காவிரிப் பாசனத்துக்குள் வந்தன. அந்த வயல்களின் வடிநீர் இறங்குவது பாக் விரிகுடாவில். அதோடு யூரியா அளவுக்கு மிஞ்சி இறங்கினால் நீரில் பாசி பெருகி வெயிலை மறைக்கும். அடியில் உள்ள புல் மடியும். காவிரி நீர் கடலில் வீணாகிறது என்ற பேச்சு டெல்டாவில் பழையது. தண்ணீருக்குத் தவிக்கும் கடைமடை விவசாயியிடம் கடலுக்கு விடுங்கள் என்று சொல்லத் தேவையில்லை. மண்ணைப் பரிசோதித்து உரமிட்டால் அவர் பணமும் மிஞ்சும், புல்லும் பிழைக்கும்.

2025 அக்டோபரில் அபுதாபியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு இந்தக் காப்பகத்தை அங்கீகரித்தது. பெருமைப்படலாம். ஆனால் அடுத்த ஆவுளியா வலையில் விழும்போது முடிவெடுக்கப்போகிறவர் படகில் இருக்கும் ஒருவர். வலையை அறுத்தால் வீட்டில் பட்டினி வராது என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும். அதைத் தரும் அதிகாரமும் பணமும் ஊராட்சியின் இருக்கைக்கு வர வேண்டும். குழுக் கூட்டங்களின் தீர்மானங்கள் கிராமசபையில் படிக்கப்பட வேண்டும். சட்டம் வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து கணக்குக் கேட்பது இனி ஊர்களின் வேலை.