பொலிகிடாய்க்கும் ரத்தச் சோதனை வேண்டும்

2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் கொடுத்தார்கள். நூறு ஆடு வைத்திருப்பவர் ஒரு குட்டி செத்தால் தாங்கிக்கொள்வார். நான்கு ஆடு உள்ள நம் காலனி வீட்டில் அது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்.

குட்டி செத்தால் கழிச்சலா, ஆட்டுக்கொல்லியா என்று பார்க்கிறோம். இல்லையென்றால் வளர்த்தவளுக்கே கைராசி இல்லை என்று பேசுகிறோம். தாய் தகப்பன் வழியாக வரும் நோயும் உண்டு என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

இந்த நோய்களில் பல ஒளிந்திருப்பவை. கிடாயும் பெட்டையும் கொழுகொழுவென்று இருக்கும். இரண்டிடமும் அந்தப் பழுதுள்ள மரபணு ஒன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நூபியன் என்ற வெளிநாட்டு இனத்தில் குட்டி வளராமல், நரம்பு தளர்ந்து, சீக்கிரமே சாகும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் சோதித்தபோது, நூபியன் ஆடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அந்த மரபணுவைச் சுமந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் ரத்தம் போதும்.

நம் கண்ணுக்கே தெரியும் ஒன்றும் இருக்கிறது. கொம்பில்லாத மொட்டைக் கிடாயை மொட்டைப் பெட்டையோடு சேர்த்தால், பெட்டையாக வேண்டிய குட்டிகளில் சில ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் பிறந்து மலடாகின்றன. காரணமான மரபணுக் குறையை 2001இல் கண்டறிந்தார்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஜோடியில் ஒன்றுக்குக் கொம்பு இருந்தால் போதும்.

மற்ற நோய்களுக்கு அப்படி அடையாளம் இல்லை. நாமோ நன்றாக வளர்ந்த கிடாயைப் பக்ரீத்துக்கும் கோயில் கொடைக்கும் விற்றுவிட்டு, மீந்ததைப் பொலிக்கு விடுகிறோம். (பணமுடை, வேறென்ன செய்ய?) தெரு முழுவதற்கும் ஒரே கிடாய். இரண்டு மூன்று வருடத்தில் அது தன் மகளோடும் பேத்தியோடும் சேர்கிறது. ஒளிந்த நோய் வெளியே வர இதைவிட நல்ல வழி இல்லை.

உறைவிந்து நிலையத்தில் சேரும் காளைக்கு மரபு நோய்ச் சோதனை உண்டு. நம் தெருவுக்கு வரும் கிடாய்க்கும் அதைச் செய்து கொடுக்கச் சொல்லி, கிராம சபையில் மனு வைக்கலாம். கிடாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ள மகளிர் குழுவே போதும். எந்தக் கிடாய்க்கு எந்தக் குட்டி என்று எழுதிவைக்க, வீட்டில் படிக்கிற பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது.