கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகருங்கள்!

கேளம்பாக்கத்துக்குக் கடலும் உப்பளமும் கூப்பிடு தூரம். காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேர்ந்துவிட்டால், புறக்கடையில் கோழி வளர்க்கும் வீடுகளில் ஒரே புலம்பல்: "கொட்டகை நாறுது!" உடனே பினாயிலைத் தேடாதீர்கள். அந்த நாற்றம் எப்படி உண்டாகிறது என்று முதலில் பார்ப்போம்.

கோழி எச்சத்தின்மேல் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அதுதான் கோழியின் சிறுநீர்! பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக்கிக் குழைவாக வெளியேற்றும். தண்ணீர் மிச்சம். முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கும் இது வசதி. யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாது என்பதால், ஓட்டுக்குள் ஓர் ஓரமாகக் கிடக்கும், குஞ்சுக்கு நஞ்சாகாது.

காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது. ஈரம் பட்டால் பாக்டீரியாக்கள் பெருகி யூரிக் அமிலத்தைச் சிதைக்கும். அப்போது கிளம்பும் வாயுதான் அம்மோனியா. காற்றின் பத்து லட்சம் பங்கில் அது 25 பங்கைத் தாண்டினாலே கோழியின் கண்ணுக்கும் மூச்சுக்குழலுக்கும் கேடு. அம்மோனியா பிறப்பது தரையில். கோழியின் மூக்கு இருப்பதும் தரையோரம். அதனால் நின்றபடி முகர்ந்தால் போதாது, குனிந்து முகர வேண்டும்.

தரையை உலர்வாக வைத்திருக்க உதவுவது ஆழ்கூளம். நெல் உமி, கடலைத்தோல், மரத்தூள், இவற்றில் கிடைப்பதை நான்கைந்து அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அவ்வப்போது கிளறிவிட்டால் காற்று புகுந்து காயும்.

ஈரம் பார்க்க ஒரு சோதனை. கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்து, கையை விரியுங்கள். கொழுக்கட்டைபோல் அப்படியே நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் சரியான பதம். தூசியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது. அதுவும் மூச்சுக்கு ஆகாது.

தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றித்தான் முதலில் கட்டி தட்டும். கிண்ணத்தைச் செங்கல்மேல், கோழியின் முதுகு உயரத்தில் வையுங்கள். கட்டியான கூளத்தை அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் படுதா கட்டுங்கள். ஆனால் மேலே காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள்.

சிலர் சுண்ணாம்புத்தூள் தூவுவார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். ஆனால் காரத்தன்மை கூடுவதால், கூளத்தில் தங்கியிருந்த அம்மோனியா குபீரென்று கிளம்பும். பெரியவர்கள்தான் அதைத் தூவ வேண்டும், அதுவும் கோழிகளை வெளியே விட்டபிறகு.

அள்ளிய கூளத்தை எறியாதீர்கள், மட்கவைத்தால் செடிகளுக்கு நல்ல உரம். பச்சையாகப் போட்டால் வேர் கருகிவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்!